இரவு எட்டு மணிக்கு என்ன சமைப்பது: மாவா, தொக்கா, குக்கரா?

வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு என்றதும் வருகிற முதல் கேள்வி, "எது சீக்கிரம் ஆகும்?" என்பதுதான். அந்தக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் பெரும்பாலும் தப்பான சமையலில்தான் போய் நிற்போம். ரவை உப்புமா 15 நிமிடத்தில் ஆகிவிடும். அரிசிம்பருப்புச் சாதத்துக்கு 35 நிமிடம் வேண்டும். ஆனால் உப்புமாவுக்கு அந்த 15 நிமிடமும் வெங்காயம் நறுக்கி, ரவையை வறுத்து, கட்டி தட்டாமல் கிளறிக்கொண்டு அடுப்பு முன்னாலேயே நிற்க வேண்டும். அரிசிம்பருப்புக்குத் தாளித்துக் கொட்டி மூடியைப் போட 10 நிமிடம்தான். அப்புறம் குளிக்கப் போகலாம், பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கலாம், சும்மா உட்காரவும் செய்யலாம். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, பேருந்திலோ ரயிலிலோ நின்றுகொண்டே வந்தவருக்கு இரண்டில் எது சுலபம்?

அதனால் இந்தக் கட்டுரையில் கடிகாரத்தை விட, அடுப்பு முன் நிற்கிற நேரத்தைத்தான் அளக்கப் போகிறேன். கூடவே இன்னும் இரண்டு விஷயம். தொட்டுக்கொள்ள என்று தனியாக ஒன்று செய்ய வேண்டுமா? சாப்பிட்டு முடித்ததும் தொட்டியில் எத்தனை பாத்திரம் கிடக்கும்? சமையல் குறிப்புகளில் பாத்திரம் கழுவுகிற நேரத்தை யாரும் சேர்ப்பதில்லை. இரவு ஒன்பதரைக்கு அதைக் கழுவுகிறவருக்கு அதுவும் சமையல்தான்.

நான் மனதில் வைத்திருப்பது சென்னை மாதிரி ஊரில் உள்ள ஒரு சாதாரண வீடு. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை. கிண்டியிலோ சோழிங்கநல்லூரிலோ வேலை, தாம்பரம் பக்கம் வீடு. ஏழரை, எட்டு மணிக்கு வீட்டுக்குள் வந்தால் ஒன்பதுக்குள் சாப்பிட்டாக வேண்டும். இரண்டு பர்னர் அடுப்பு, மிக்சி, கிரைண்டர், ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்.

மாவு

தமிழ்நாட்டில் முன்கூட்டிச் செய்து வைக்கிற இரவுச் சாப்பாடு என்றால் முதலில் மாவுதான். 4 பங்கு இட்லி அரிசி, 1 பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் என்பது பெரும்பாலான வீடுகளின் கணக்கு. 4 டம்ளர் அரிசி போட்டு அரைத்தால் ஏறத்தாழ 50 இட்லிக்கு மாவு வரும். மூன்று பேர் சேர்ந்து ஓர் இரவுக்கு 12 இட்லி சாப்பிட்டால் 4 இரவு ஓடும். ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் முன்னால் செலவிடும் நேரத்துக்கு இது நல்ல லாபம்.

ஆனால் மாவு ஒரே நிலையில் நிற்பதில்லை. ஃபிரிட்ஜ் புளிப்பதை மெதுவாக்கும், நிறுத்தாது. முதல் நாள் இட்லி மல்லிகையாக இருக்கும். இரண்டாம் மூன்றாம் நாள் தோசைக்கு ஏற்ற மாவு. நான்காம் நாள் வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ செய்தால்தான் புளிப்பு தெரியாது. இந்த வரிசையை மாற்றி, முதல் நாளே தோசை சுட்டுவிட்டு வியாழக்கிழமை இட்லி ஊற்றினால் கல் மாதிரி வரும், பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அரைத்து உப்புப் போட்டுக் கலக்கியதுமே மாவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை வெளியே வைத்துப் புளிக்க விடுங்கள், இன்னொரு பாதியைப் புளிக்கும் முன்பே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது அந்தப் பாதியை வெளியே எடுத்து வைத்தால், வெயில் காலத்தில் இரவு வீட்டுக்கு வருவதற்குள் பொங்கி இருக்கும். பாத்திரத்தில் பாதி அளவு காலியாக விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் வழிந்து சமையல் மேடையைத் துடைக்கிற வேலையும் சேரும். மார்கழியில் புளிக்க இன்னும் நேரம் எடுக்கும், அப்போது முதல் நாள் இரவே எடுத்து வைக்கலாம்.

இட்லியா தோசையா என்பதையும் இங்கே பேசியாக வேண்டும். ஒரே மாவுதான் என்றாலும் இரவு வேலையாகப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. 4 தட்டு இட்லிப் பாத்திரத்தில் 16 இட்லி ஒரே ஈட்டில் வெந்துவிடும். ஊற்ற 5 நிமிடம், வேக 10 முதல் 12 நிமிடம், ஆறி எடுக்க 3 நிமிடம். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். தோசை என்றால் மூன்று பேருக்குப் பத்துப் பன்னிரண்டு சுட வேண்டும். ஒன்றுக்கு 2 நிமிடம் என்றாலும் 25 நிமிடம் ஒருவர் கல் முன்னாலேயே நிற்கிறார். மற்றவர்கள் சூடாகச் சாப்பிட்டு எழுந்த பிறகு, அவர் தனியாகக் கடைசித் தோசையைச் சாப்பிடுகிறார். பல வீடுகளில் இது தினமும் நடக்கிறது, அந்த ஒருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் வார நாளில் என் ஓட்டு இட்லிக்கு. தோசை வேண்டும் என்கிறவர் அன்று கல்லைத் தானே பார்த்துக்கொள்ளட்டும்.

மாவின் உண்மையான சிக்கல் மாவில் இல்லை, தொட்டுக்கொள்வதில் இருக்கிறது. எட்டேகாலுக்குத் தேங்காய் உடைத்து, துருவி, மிக்சியில் அரைத்துத் தாளித்தால் 15 நிமிடம் போச்சு, மூன்று பாத்திரம் விழுந்தாச்சு. தேங்காய்ச் சட்னியை முன்கூட்டிச் செய்து வைக்கவும் முடியாது, சீக்கிரம் கெட்டுவிடும். இட்லிப் பொடி ஒரு பாட்டில் இருந்தால் நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்துக்கொண்டு சமாளிக்கலாம். உளுந்து, கடலைப்பருப்பு, எள், மிளகாய் எல்லாம் வறுத்து அரைத்த பொடி, ஈரம் படாமல் இருந்தால் ஓரிரு மாதம் கெடாது. ஆனால் வாரம் முழுக்கப் பொடி என்றால் யாருக்கும் சலித்துப்போகும். இங்கேதான் அடுத்த வழி வருகிறது.

தொக்கும் குழம்பும்

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், ஒன்றே ஒன்றுதான் செய்து வைக்க முடியும் என்றால், மாவை விட்டுவிட்டுத் தக்காளித் தொக்கு செய்யுங்கள் என்பேன். மாவு கடையில் கிடைக்கிறது. வீட்டுத் தொக்கு மாதிரி ஒன்று கடையில் கிடைப்பது கஷ்டம்.

1 கிலோ நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி, ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு புளி, 100 மில்லி நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு, பெருங்காயம், வறுத்துப் பொடித்த வெந்தயமும் கடுகும். அகலமான வாணலியில் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும் வரை வற்ற விட வேண்டும். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஒரு கிலோ தக்காளி முந்நூறு, நானூறு கிராமாகச் சுருங்கிவிடும். தண்ணீர் போய்விட்டது, புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து நிற்கிறது, அதனால்தான் இது கெடாமல் இருக்கிறது. ஈரமில்லாத கரண்டி போட்டு எடுத்தால் ஃபிரிட்ஜில் பத்து நாள் தாராளமாகத் தாங்கும். அவசரப்பட்டுத் தண்ணீர் வற்றும் முன்பே அடுப்பை அணைத்தால் அது வெறும் தக்காளிச் சட்னி, மூன்று நாளில் நுரைக்கும்.

தொக்கின் பெருமை, அது ஒரே ஒரு சாப்பாட்டோடு நிற்பதில்லை என்பது. திங்கள் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம். செவ்வாய் சூடான சாதத்தில் போட்டுப் பிசைந்தால் தக்காளிச் சாதம். அவித்த முட்டையைக் கீறிப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் முட்டைத் தொக்கு, சப்பாத்திக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. வெந்த பருப்பு இருந்தால் இரண்டு கரண்டி தொக்கைக் கரைத்து ஊற்றிக் கொதிக்க விடுங்கள், இட்லிக்கு ஒரு திடீர் சாம்பார் தயார். இட்லியோடு மட்டும் சேரும் சட்னியையும் எல்லாவற்றோடும் சேரும் தொக்கையும் பக்கத்தில் வைத்தால், முன்கூட்டிச் செய்ய எது தகுந்தது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

இதே குடும்பம்தான் புளிக்காய்ச்சலும் வத்தக்குழம்பும். புளிக்காய்ச்சல் தொக்கை விடவும் நாள் தாங்கும், வாரங்கள் கூட. மணத்தக்காளி வற்றலோ சுண்டைக்காய் வற்றலோ போட்ட வத்தக்குழம்பு, செய்த நாளை விட மறுநாள் நன்றாக இருக்கும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். மீன் குழம்பும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குகிற வீடாக இருந்தால் தேங்காய் அரைத்து விடாமல், புளியும் தக்காளியும் மட்டும் வைத்துக் கொஞ்சம் கூடுதலாகக் குழம்பு வையுங்கள். மீதியை அன்றே ஃபிரிட்ஜில் வைத்தால் திங்கள் இரவு தோசைக்கு அதுவே போதும், மூன்றாம் நாளுக்கு இழுக்க வேண்டாம். தேங்காய் அரைத்து விட்ட குழம்பு, கூட்டு, மோர்க்குழம்பு, அவியல் இவையெல்லாம் அன்றன்றைக்குச் செய்து சாப்பிட வேண்டியவை. முன்கூட்டிச் செய்கிற பட்டியலில் அவற்றைச் சேர்க்காதீர்கள்.

குறை என்று பார்த்தால், தொக்கு வகைகளில் எண்ணெயும் உப்பும் காரமும் கூடுதல். கெடாமல் இருப்பதற்கான காரணமே அதுதான், குறைத்தால் நாள் தாங்காது. வீட்டில் இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் இருந்தால் இதை மட்டும் நம்பி வாரத்தை ஓட்டக் கூடாது. அந்த வீட்டுக்கு அடுத்த வழிதான் சரி.

குக்கர்

சாதாரணப் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து அங்கேயே நிற்கும். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. பருப்பு சீக்கிரம் மலர்வது அதனால்தான். அதைவிடப் பெரிய உதவி, குக்கர் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, விசில் காதில் விழுகிற தூரத்தில் இருந்தால் போதும்.

கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சாதத்தை வேலைக்குப் போகிறவர்களின் சாப்பாடு என்றே சொல்லலாம். மூன்று பேருக்கு ஒன்றரை டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு. வீட்டுக்குள் வந்து பையை வைத்ததும் இரண்டையும் சேர்த்துக் கழுவி ஊற வைத்துவிடுங்கள். முகம் கழுவி, உடை மாற்றி, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் ஊறியிருக்கும். குக்கரிலேயே எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஐந்தாறு பல் பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, மஞ்சள்தூளும் உப்பும் போட்டு, 6 டம்ளர் தண்ணீர் ஊற்றி அரிசி பருப்பைச் சேர்த்து மூடுங்கள். மூன்று நான்கு விசில். மேலே ஒரு ஸ்பூன் நெய், பக்கத்தில் அப்பளமோ தயிரோ. ஒரே பாத்திரம், தனியாகத் தொட்டுக்கொள்ள எதுவும் தேவையில்லை, பருப்பும் வயிற்றுக்குள் போகிறது. மற்ற வழிகளில் இந்த மூன்றும் ஒன்றாக அமைவது அரிது.

இதைச் சுலபமாக்கும் ஒரே முன்வேலை, சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்து வைப்பது. இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தால் இந்தச் சமையலின் நன்மையே போய்விடும். சனி, ஞாயிறு பேசிக்கொண்டே ஒரு டப்பா உரித்து, ஈரம் இல்லாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும்.

பருப்பு சீக்கிரம் வேக வேண்டுமென்றால் பாசிப்பருப்புக்கு மாறலாம், அதை ஊற வைக்கவே வேண்டாம். மிளகுப் பொங்கல் காலைச் சாப்பாடு என்று யாரும் சட்டம் போடவில்லை, இரவுக்கும் அது அருமையாகப் பொருந்தும்.

வெறும் சாதத்தையும் இரவு புதிதாக வைப்பதே நல்லது. காலை ஏழு மணிக்கு டிபன் டப்பாவுக்காக வைத்த சாதத்தை மேடையிலேயே விட்டுவிட்டு, இரவு வந்து சூடு பண்ணிச் சாப்பிடுவது வேண்டவே வேண்டாம். வெந்த சாதம் நீண்ட நேரம் வெளியில் கிடந்தால் அதில் பாசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரி பெருகும். அது உண்டாக்குகிற நச்சு, சூடு பண்ணினாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். காலைச் சாதம் மிஞ்சும் என்று தெரிந்தால் ஒரு தட்டில் பரப்பி ஆற வைத்து, கிளம்பும் முன் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அப்படிக் குளிர்ந்த சாதம் உதிரி உதிரியாக இருக்கும். இரவு அதை ஆவி பறக்கச் சூடாக்கிப் புளிக்காய்ச்சலில் கலந்தால் கச்சிதமாக அமையும்.

வாரம் முழுக்கச் செய்து டப்பாவில் அடைப்பது

ஞாயிற்றுக்கிழமை ஐந்து நாள் சாப்பாட்டையும் சமைத்து, டப்பா டப்பாவாக அடுக்கி வைக்கும் படங்களைப் பார்க்க அழகாக இருக்கும். நம் சமையலுக்கு அது ஒத்துவராது என்பது என் தெளிவான கருத்து. பொரியல் தண்ணீர் விடும். தேங்காய் சேர்த்தவை தாங்காது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரமும் பாலும் தயிரும் போக இடமே இருக்காது. நடுவில் இரண்டு மணி நேரம் மின்சாரம் போனால் மனதில் ஒரு பயம். எல்லாவற்றுக்கும் மேல், இருக்கிற ஒரு விடுமுறை நாளும் அடுப்படியில் முடிந்துவிடும்.

முழுச் சாப்பாட்டுக்குப் பதில், நேரம் பிடிக்கிற பாகத்தை மட்டும் செய்து வைப்பது புத்திசாலித்தனம். கொண்டைக்கடலையோ ராஜ்மாவோ ஊறுவதற்கு ஒரு இரவு வேண்டும், அதை வேலை நாளில் செய்ய முடியாது. மொத்தமாக அவித்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். கட்டியாகவே எடுத்துக் கொதிக்கும் மசாலாவில் போடலாம். வெந்த துவரம்பருப்பும் அப்படியே. தேங்காய்த் துருவலும் ஃப்ரீசரில் கெடாது. சப்பாத்தியை இரண்டு பக்கமும் லேசாக வாட்டி எடுத்து அடுக்கி வைத்தால் மூன்று நாள் நன்றாக இருக்கும். மாவாகப் பிசைந்து வைத்தால் இரண்டாம் நாளே கறுத்துப்போகும்.

வாங்குவது

கடை மாவு வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. பாக்கெட் உப்பியிருக்கிறதா, தேதி என்ன என்று பாருங்கள். அரைத்த நாள் தெரியாத மாவை இட்லிக்கு நம்ப வேண்டாம், தோசைக்கு வைத்துக்கொள்ளலாம். உறைந்த பரோட்டா அவசரத்துக்கு ஒரு பாக்கெட் இருக்கட்டும். அது மைதாவும் கொழுப்பும்தான், வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். செயலியில் ஆர்டர் போடுவது நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதை நான் ஏற்கவில்லை. எதைச் சாப்பிடலாம் என்று பேசி முடிவெடுத்து, ஆர்டர் போட்டு, வண்டி வந்து சேர்வதற்குள் அரிசிம்பருப்பு வெந்துவிடும். உடம்பு முடியாத நாளுக்கு, இரவு பத்து மணிக்கு வந்து சேரும் நாளுக்கு அது நல்ல வசதி, அவ்வளவுதான்.

எந்த வீட்டுக்கு எது

மேலே சொன்ன மூன்று பேர் வீட்டுக்கு, திங்கள் இட்லியும் தொக்கும், செவ்வாய் அரிசிம்பருப்பு, புதன் பிரித்து வைத்த மாவில் மறுபடி இட்லி, கூடவே ஃப்ரீசர் பருப்பில் சாம்பார் என்று போட்டால் பாதி வாரம் தாண்டிவிடும். வியாழக்கிழமைக்கு நான் அடையைச் சொல்வேன். அரிசி 2 பங்கு, கடலை, துவரை, உளுந்து சேர்த்து 1 பங்கு, வரமிளகாய். காலையில் கழுவித் தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். வெளியே வைத்தால் இந்த வெயிலுக்கு இரவுக்குள் வாடை வந்துவிடும். வந்ததும் மிக்சியில் கரகரப்பாக அரைத்து உடனே வார்க்கலாம், புளிக்க வேண்டியதில்லை. ஒரு துண்டு வெல்லம் போதும் தொட்டுக்கொள்ள. ஆளுக்கு இரண்டில் வயிறு நிறைந்துவிடுவதால் தோசை மாதிரி வெகுநேரம் நிற்க வேண்டாம். வெள்ளிக்கிழமை மிஞ்சிய மாவில் பணியாரமோ, முட்டைத் தொக்கும் சப்பாத்தியுமோ.

தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் உள்ளவர், கிரைண்டரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கடை மாவு, ஊரிலிருந்து வரும் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், முட்டை, ஒரு சின்ன குக்கர். இதிலேயே வாரம் நன்றாக ஓடும். கிழமைக்கு ஒரு ஷிப்ட் என்று நேரம் மாறி மாறி வருகிறவர்களுக்கும் மாவு சரிப்படாது, அது நமக்காகக் காத்திருக்காது. தொக்கும் குக்கரும்தான் அவர்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள், அதை ஒருவர் தலையில் கட்டாதீர்கள். வார நாளில் அம்மா படும் பாட்டை அப்படியே ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்தால் அந்த வீட்டில் எதுவும் மிச்சமாகவில்லை. ஒருவர் கிரைண்டர் போட்டால் இன்னொருவர் தொக்கைக் கிளறட்டும். கிரைண்டர் கல்லைக் கழுவுவது, பூண்டு உரிப்பது, கீரை ஆய்வது எல்லாம் பத்து வயதுப் பிள்ளையிலிருந்து தாத்தா வரை யாரும் செய்யலாம்.

இந்த வாரமே தொடங்க நினைத்தால், முதலில் தொக்கு மட்டும் செய்து பாருங்கள். கண்ணாடி பாட்டிலைக் கழுவி வெயிலில் காய வைத்துக்கொள்ளுங்கள். தொக்கு நன்றாக ஆறிய பிறகே அதில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி வியர்த்துச் சொட்டும், அந்த ஈரமே பூஞ்சை பிடிக்கப் போதும்.